போலந்துப் பாட்டியின் வாழ்க்கையைத் தேடி எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போலந்தில் பிறந்து, கப்பலேறி அமெரிக்காவில் இறங்கி, தொண்ணூறு வயதையும் தாண்டி வாழ்ந்து மறைந்த ஒரு பாட்டியின் கதையை எழுத உட்கார்ந்தவர்களுக்கான பக்கம் இது. பேரப்பிள்ளைகள், அந்தக் குடும்பத்தில் திருமணமாகிப் போன நம்மவர்கள், அடக்கத்தன்று வாசிக்க இரண்டு பக்கம் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டு மாட்டிக்கொண்டவர்கள் என எல்லோரும் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். பாட்டியின் பெயரைத் தட்டித் தேடினால் பாட்டி கிடைக்கமாட்டார். அப்பா பெயர், கணவர் பெயர், பங்குக் கோயில், கப்பல், வேறொரு நாட்டின் பெயர் என்று அடுத்தவர் தாள்களுக்குள்தான் இருப்பார்.

பாட்டியை ‘பாப்ச்சா’ என்று எழுதுவதா, ‘பூஷா’ என்று எழுதுவதா?

பேரப்பிள்ளைகள் எப்படிக் கூப்பிட்டார்களோ அப்படியே எழுதுங்கள். போலந்தில் பாப்ச்சா. மிச்சிகன், சிகாகோ பக்கத்துப் பழைய போலந்துக் குடும்பங்களில் பூஷா. போலந்திலிருந்து புதிதாக வந்தவர்கள் ‘பூஷா என்று ஒரு சொல்லே கிடையாது’ என்று திருத்த வருவார்கள். அமெரிக்காவில் நான்கு தலைமுறையாக இருக்கும் சொல் அது. விட்டுக்கொடுக்க வேண்டாம்.

எங்கிருந்து தொடங்குவது?

வலைத்தளத்திலிருந்து அல்ல, வீட்டிலிருந்து. பிஸ்கட் டப்பா, ஜெபப்புத்தகம், தையல் பெட்டியின் அடித்தட்டு ஆகிய மூன்றையும் பாருங்கள். ஜெபப்புத்தகத்துக்குள் செருகிய சின்னப் புனிதர் படங்களின் பின்பக்கத்தில் புதுநன்மை வாங்கிய தேதியோ இறந்தவரின் பெயரும் நாளுமோ அச்சாகியிருக்கும். புகைப்பட அட்டையில் ஸ்டுடியோவின் பெயரும் ஊரும் இருக்கும். பழைய கடித உறையில் அனுப்பியவர் முகவரி இருந்தால் அதுதான் பெரிய புதையல். கிராமத்தின் பெயரோடு அது எந்த வட்டம் என்பதும் தெரிய வேண்டும், அந்த உறையில் இரண்டும் சேர்ந்திருக்கும்.

வட்டம் ஏன் அவ்வளவு முக்கியம்? ‘நோவா வியேஷ்’ என்று பாட்டி சொன்னதாகக் குடும்பத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதன் பொருள் புது ஊர், நம்மூர்ப் புதூர்தான். தமிழ்நாட்டில் எத்தனை புதூரோ போலந்திலும் அத்தனை நோவா வியேஷ். ‘டொம்ப்ரோவா’வும் அப்படித்தான். வட்டமோ பங்குக் கோயிலோ தெரியாமல் பதிவேடு தேடப் போனால் யாரோ ஒருவருடைய பாட்டியைப் பிடித்துக்கொண்டு வருவீர்கள். இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

கிடைத்த ஒவ்வொன்றையும் முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் படம் எடுங்கள். ஆல்பத்தில் ஒட்டிய படத்தைப் பிய்க்காதீர்கள். பின்னால் குறிப்பு எழுதுவதென்றால் மென்மையான பென்சில் போதும். பால்பாயிண்ட் அழுத்தினால் முகத்தில் தடம் விழும், மை ஊறும்.

பாட்டி ‘நான் போலந்துக்காரி’ என்றார். தாள்களில் ரஷ்யா என்றும் ஆஸ்திரியா என்றும் இருக்கிறதே?

இரண்டும் சரி. 1772, 1793, 1795 என மூன்று தவணையில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் போலந்தைப் பங்கு போட்டுக்கொண்டன. 1918 வரை வரைபடத்தில் போலந்து என்று ஒரு நாடே இல்லை. வார்சா பக்கம் பிறந்தவர் ரஷ்யப் பிரஜை, கிராக்கூஃப் பக்கம் ஆஸ்திரியப் பிரஜை, போஸ்னான் பக்கம் ஜெர்மன் பிரஜை. ஒரே பெண் 1910 சென்சஸில் ‘ரஷ்யா’விலும் 1930இல் ‘போலந்தி’லும் பிறந்திருப்பார்.

இதைக் குழப்பமாகப் பார்க்காமல் துப்பாகப் பாருங்கள். எந்த நாடு என்று போட்டிருக்கிறதோ அதை வைத்துத்தான் பதிவேடு எந்த மொழியில் இருக்கும் என்பது தெரியும். ரஷ்யப் பகுதியில் 1868 வாக்கு வரை போலிஷ் மொழியில் பத்தி பத்தியாக, அதன்பின் முதல் உலகப்போர் வரை ரஷ்ய மொழியில். ஆஸ்திரியப் பகுதியான கலீட்சியாவில் லத்தீனில், கட்டம் கட்டமாக. ஜெர்மன் பகுதியில் 1874 அக்டோபர் முதல் கோயில் பதிவோடு அரசுப் பதிவும் உண்டு, ஜெர்மன் மொழியில்.

எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்களாமே?

கப்பலில் வந்து இறங்கியவர்களைச் சோதித்து உள்ளே விட்ட நியூயார்க் துறைமுகத் தீவு அது. பெயர் மாற்றியது எல்லாக் குடும்பத்திலும் உலவும் கதை. நடந்தது அதுவல்ல. பயணிகள் பட்டியலை எழுதியது கப்பல் நிறுவனத்தின் ஆட்கள், அதுவும் ஹாம்பர்க், பிரேமன் போன்ற புறப்படும் துறைமுகங்களில். எல்லிஸ் தீவு அதிகாரியின் வேலை கையில் இருக்கும் பட்டியலைச் சரிபார்ப்பதுதான். பெயர் மாறியதெல்லாம் பிறகு, மெல்ல மெல்ல: மேஸ்திரியின் சம்பளப் பட்டியலில், பள்ளிக்கூடத்தில், பக்கத்து வீட்டுக்காரர் வாயில். யாத்விகா ‘ஹாட்டி’ ஆனார். ஸ்தானிஸ்வாவா ‘ஸ்டெல்லா’ ஆனார். விவாதிஸ்வாவா ‘லாட்டி’, பிரோனிஸ்வாவா ‘பெர்னிஸ்’. கப்பல் பட்டியலில் ஸ்டெல்லாவைத் தேடினால் வரவே மாட்டார்.

குடும்பப் பெயரில் இன்னொரு சிக்கல். நோவாக் என்பவரின் மகள் திருமணத்துக்கு முன் ‘நோவாகுவ்னா’, நோவாக்கின் மனைவி ‘நோவாகோவா’. ‘ஸ்கி’ என்று முடியும் பெயர் பெண்ணுக்கு ‘ஸ்கா’ ஆகும். அமெரிக்க எழுத்தர் இதையெல்லாம் தனித்தனி ஆள் என்று நினைத்து எழுதியிருப்பார். இனிஷியலும் சர்நேமும் பாஸ்போர்ட்டில் படுத்தும் பாட்டை அனுபவித்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ‘ஸ் டோமு’ என்ற இரண்டு சொற்கள் எங்கே வந்தாலும் வட்டம் போடுங்கள். ‘இன்ன வீட்டுப் பெண்’ என்று பொருள். அடுத்து வருவது பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர்.

கப்பல் பட்டியலில் என்ன பார்க்க வேண்டும்?

பெரும்பாலோர் பெயரையும் தேதியையும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். 1907 முதல் பட்டியல் இரண்டு பக்கம். இரண்டாம் பக்கத்தைப் புரட்டாமல் விடக் கூடாது. எந்தக் கட்டத்தில் என்ன கிடைக்கும் என்பது:

- ஊரில் விட்டுவந்த நெருங்கிய உறவினரின் பெயரும் கிராமமும். பெரும்பாலும் அப்பா அல்லது அம்மா.
- யாரிடம் போகிறார், அவர் முகவரி. அக்கா, மாமன், ஊர்க்காரர் என்று உறவுமுறையோடு.
- பயணச்சீட்டுக்குப் பணம் கட்டியது யார், கையில் எத்தனை டாலர்.
- ‘இனம்’ என்ற கட்டம், 1899 முதல். நாடு ரஷ்யா என்றிருந்தாலும் இங்கே போலிஷ் என்றிருக்கும்.
- பிறந்த இடம், உயரம், கண் நிறம்.

ஓரக் குறிப்புகளையும் விடாதீர்கள். பெயரின் மேல் கோடடித்திருந்தால் அவர் அந்தக் கப்பலில் ஏறவில்லை, அடுத்த கப்பலைத் தேடுங்கள். பெயருக்கு மேல் பிற்காலக் கையெழுத்தில் எண்களும் தேதியும் இருந்தால், பல வருடம் கழித்துக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது யாரோ இந்தப் பக்கத்தைப் புரட்டிச் சரிபார்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

இடது ஓரத்தில் பெருக்கல் குறி இருந்தால் பாட்டியைத் தீவில் நிறுத்திவைத்திருக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. தனியாக வந்த பெண்ணைக் கணவனோ உறவினரோ நேரில் வந்து அழைத்துப் போகும்வரை, அல்லது தந்தியும் பணமும் வரும்வரை, வெளியே விடமாட்டார்கள். அந்தக் கப்பலின் பட்டியல் முடியும் இடத்தில் ‘நிறுத்திவைக்கப்பட்டோர்’ என்று தனிப் பக்கம் இருக்கும். காரணம், யார் வந்து அழைத்தார், எப்போது வெளியேறினார் என்பதோடு, காலை, மதியம், இரவு என்று எத்தனை வேளை சாப்பாடு போட்டார்கள் என்ற கணக்கும் அதில் உண்டு. பதினெட்டு வயதுப் பெண் அமெரிக்க மண்ணில் சாப்பிட்ட முதல் மூன்று வேளையை நூறு வருடம் கழித்து எண்ணிப் பார்க்கலாம். அந்த ஒரு பக்கத்துக்காகவே தேடலாம்.

நியூயார்க்கில் கிடைக்காவிட்டால் பால்டிமோரைப் பாருங்கள், பிரேமனிலிருந்து நேரடிக் கப்பல் உண்டு. புறப்பட்ட இடத்துப் பட்டியலும் வேண்டுமென்றால் ஹாம்பர்க்கில் 1850 முதல் 1934 வரை பெரும்பாலும் தப்பியிருக்கிறது. பிரேமன் பட்டியல்களில் பெரும்பகுதி அழிந்துபோயிற்று.

பாட்டிக்குக் குடியுரிமைத் தாள் எதுவும் கிடைக்கவில்லை. சட்டவிரோதமாக வந்தாரா?

அநேகமாக இல்லை. 1922 செப்டம்பர் 22க்கு முன் கணவர் அமெரிக்கப் பிரஜை ஆனால் மனைவியும் தானாகவே ஆகிவிடுவார். அவருக்கென்று தனித் தாள் கிடையாது. தாத்தாவின் மனுவைத்தான் எடுக்க வேண்டும். அந்தத் தேதிக்குப் பின் கணவர் பிரஜையானால் மனைவி தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வீடும் பிள்ளைகளுமாக இருந்த பெண்கள் பலர் அதைத் தள்ளிப்போட்டார்கள். அப்படித் தள்ளிப்போட்டவர்கள் 1940 ஆகஸ்டிலிருந்து அயல்நாட்டவராகப் பதிவு செய்துகொள்ள வேண்டிவந்தது, விரல்ரேகையோடு. ‘ஏஆர்-2’ என்ற அந்தப் படிவத்தில் வந்த கப்பல், வந்த தேதி, பிறந்த ஊர், செய்த வேலை எல்லாம் அவரே சொன்னபடி இருக்கும். அமெரிக்கக் குடியேற்றத் துறையின் வம்சாவளிப் பிரிவில் கட்டணம் கட்டிப் பிரதி வாங்கலாம். மற்றவர் தாளுக்குள் ஒளிந்திருந்த பாட்டி தன் வாயால் பேசும் அபூர்வமான தாள் இது.

சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கான ‘எஸ்எஸ்-5’ விண்ணப்பமும் அப்படியே. 1936இல் தொடங்கியது. அப்பா பெயரும் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் கேட்கும். வெளியே வேலைக்குப் போகாத பாட்டிக்கு அது இல்லாமலும் இருக்கலாம்.

பிறந்த தேதி ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொன்றாக இருக்கிறது. எதை எழுதுவது?

ரஷ்யப் பகுதியில் பிறந்தவரென்றால் ஒரே பதிவில் இரண்டு தேதி இருக்கும்: 1891 மே 3/15 என்று. முதலாவது ரஷ்யாவின் பழைய ஜூலியன் நாட்காட்டி, இரண்டாவது நாம் இப்போது பயன்படுத்துவது. 19ஆம் நூற்றாண்டில் 12 நாள் வித்தியாசம், 1900 மார்ச்சிலிருந்து 13 நாள். 15 என்று எழுதுங்கள்.

வித்தியாசம் மாதக்கணக்கில் இருந்தால் காரணம் வேறு. போலந்துக்காரர்கள் பிறந்தநாளைவிடப் பெயர்த் திருநாளைத்தான், அதாவது தம் பெயருள்ள புனிதரின் விழாவைத்தான், கொண்டாடுவார்கள். பிறந்த தேதி மறந்துபோய்த் திருநாளையே படிவத்தில் போட்டவர்கள் உண்டு. வேலைக்காக வயதைக் கூட்டியவர்கள், மாப்பிள்ளையைவிட மூத்தவள் என்று தெரியாமலிருக்கக் குறைத்தவர்கள் உண்டு. எல்லாத் தேதிகளையும் வைத்துக்கொண்டு, திருமுழுக்குப் பதிவு கிடைத்தால் அதை எடுங்கள். பிறந்ததற்கு மிக அருகில் எழுதப்பட்டது அதுதான்.

பதிவு எங்கே இருக்கும் என்பதற்கு எளிய கணக்கு: போலந்தில் 100 வருடம் தாண்டிய பிறப்புப் பதிவும் 80 வருடம் தாண்டிய திருமண, இறப்புப் பதிவும் அரசு ஆவணக்காப்பகத்துக்குப் போகும். அதற்குட்பட்டவை உள்ளூர்ப் பதிவு அலுவலகத்தில். இணையத்தில் ‘கெனெடெகா’ என்ற இலவசப் பெயர்த் தொகுப்பிலிருந்து தொடங்கலாம். ஒரு பங்கின் எல்லா வருடமும் அதில் ஏறியிருக்காது. வரவில்லையென்றால் பிறக்கவில்லை என்று முடிவுகட்டாமல் எந்த வருடங்கள் ஏறியிருக்கின்றன என்று முதலில் பாருங்கள்.

பாட்டி இரண்டாம் உலகப்போருக்குப் பின் வந்தவர். அவருக்கும் இதே வழியா?

முற்றிலும் வேறு. ஜெர்மனிக்குக் கட்டாய வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டு, சட்டையில் ‘பி’ எழுத்துப் பட்டை தைத்திருந்தவரென்றால் ஜெர்மனியின் பாட் ஆரோல்சன் ஆவணக்காப்பகத்தில் தேடுங்கள். பெருமளவு இணையத்திலேயே இருக்கிறது. அகதி முகாமிலிருந்து 1948ஆம் வருடத்துச் சட்டப்படி அமெரிக்கா வந்தவர்கள் இவர்களில் பலர்.

கிழக்குப் போலந்தில் இருந்தவரென்றால் கதை இந்தியா வழியாகவும் போகலாம். 1940 பிப்ரவரியிலிருந்து சோவியத் படைகள் குடும்பம் குடும்பமாக சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் நாடு கடத்தின. 1941இல் விடுதலை, 1942இல் காஸ்பியன் கடல் தாண்டி ஈரான். அங்கிருந்து ஒரு பகுதியினர் குஜராத்தில் ஜாம்நகர் அருகே பாலாச்சடி முகாமுக்கும், கோலாப்பூர் அருகே வலிவடே முகாமுக்கும் வந்தார்கள். பாலாச்சடியில் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தவர் நவாநகர் ஜாம் சாகேப் திக்விஜய்சிங்ஜி. வலிவடேயில் சுமார் 5,000 பேர் 1948 வரை இருந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். வேறு சிலர் தங்கன்யிகாவின் (இன்றைய தான்சானியா) தெங்கேரு, நியூசிலாந்தின் பாஹியாடுவா முகாம்களுக்குப் போனார்கள். பழைய படத்தில் பின்னால் மாமரமும் ஓட்டுக் கொட்டகையும் தெரிந்தால் ‘ஏதோ ஆப்பிரிக்கா’ என்று எழுதிவிடாதீர்கள், மகாராஷ்டிரமாக இருக்கலாம்.

பாட்டி ‘வேலைக்குப் போகவில்லை’ என்று சென்சஸ் சொல்கிறது. வாழ்க்கையில் எழுத என்ன இருக்கிறது?

அந்தக் கட்டத்தை நம்பாதீர்கள். அதே பக்கத்தில் குடும்பத்தினர் பெயருக்குக் கீழே ‘போர்டர்’, அதாவது காசு கொடுத்து வீட்டில் தங்கிச் சாப்பிடுபவர், என்று நாலைந்து ஆண்களின் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பாட்டி அத்தனை பேருக்கும் சமைத்து, துவைத்து, மதியச் சாப்பாடு கட்டிக்கொடுத்து வீட்டு வாடகையை ஈட்டியவர். கணக்கெடுத்தவருக்கு அது வேலையாகத் தெரியவில்லை.

1900, 1910 சென்சஸில் பெண்களிடம் இரண்டு கேள்வி கேட்டார்கள்: எத்தனை பிள்ளை பெற்றீர்கள், எத்தனை உயிரோடு? ஒன்பது, ஐந்து என்றிருந்தால் குடும்பத்தில் யாரும் வாய்திறக்காத நான்கு பிள்ளைகளைக் கல்லறைப் பதிவில் தேட வேண்டும்.

ஆலைக்குப் போனவரென்றால் ஊரையும் வருடத்தையும் பொருத்திப் பாருங்கள். மாசசூசெட்ஸின் லாரன்ஸில் 1912இல் பெண்களின் வார வேலை நேரம் 56இலிருந்து 54 மணியாகக் குறைந்தபோது ஆலைகள் கூலியையும் குறைத்தன. ஜனவரி 11 அன்று கூலியை எண்ணிப் பார்த்துவிட்டு தறியை நிறுத்தி முதலில் வெளியேறியவர்கள் எவரெட் ஆலையின் போலந்துப் பெண்கள். டெட்ராய்ட்டில் 1937இல் சுருட்டு ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து போராடியவர்களில் பெரும்பாலோரும் போலந்துப் பெண்கள்தான். ஆனால் பாட்டி அங்கே வேலை பார்த்தார் என்பதற்குத் தாள் வேண்டும். அந்த வருடம் அந்த ஊரில் இருந்தார் என்பது மட்டும் போதாது.

பெண்களுக்கென்றே 1898இல் சிகாகோவில் தொடங்கிய போலந்துப் பெண்கள் சங்கம் உறுப்பினர்களுக்குக் காப்பீடு கொடுத்தது. அந்தப் பாலிசி கிடைத்தால் வாரிசாக யாரைப் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். குடும்ப அரசியல் முழுக்கத் தெரிந்துவிடும்.

அவர் எதையும் அளந்து சமைத்ததில்லை. பியெரோகி (பூரணம் வைத்து வேகவைக்கும் போலந்துக் கொழுக்கட்டை) செய்முறையை எப்படி மீட்பது?

உயிரோடு இருந்தால் அளக்கச் சொல்லித் தொந்தரவு செய்யாதீர்கள். மாவுப் பையையும் எண்ணெய்ப் புட்டியையும் சமைக்கும் முன்னும் பின்னும் நீங்கள் எடைபோட்டால் போதும். எழுதிவைத்த குறிப்பில் ‘ஷ்கிளான்கா’ என்றிருந்தால் 250 மில்லி கண்ணாடித் தம்ளர். மாவு என்றால் சுமார் 160 கிராம். அமெரிக்கக் ‘கப்’ அதைவிடச் சற்றுச் சிறிது.

ஒன்றுமே இல்லையென்றால் இந்த அளவில் தொடங்கி, சாப்பிட்டவர்கள் நாக்கை வைத்துத் திருத்துங்கள். மைதா 500 கிராம், சூடான தண்ணீர் 250 மில்லி, உருக்கிய வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. பிசைந்து மூடி அரை மணி நேரம். உள்ளே வைக்க வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு 500 கிராம், ‘ட்வாரூக்’ பாலாடைக்கட்டி 250 கிராம், பொன்னிறமாக வதக்கிய பெரிய வெங்காயம் 2, மிளகு. 2 மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்து, 7 சென்டிமீட்டர் தம்ளர் வாயால் வெட்டி, நடுவில் வைத்து, சோமாசி போல் மடித்து விரலால் அழுத்த வேண்டும். உப்புத் தண்ணீர் கொதித்ததும் போட்டு, மேலே மிதந்தபின் 2-3 நிமிடம்.

உடைந்தால் காரணம் மூன்றில் ஒன்று: பூரணம் சூடாக இருந்தது, விளிம்பில் உலர்ந்த மாவோ எண்ணெயோ பட்டது, கடையில் கிடைக்கும் ஈரக் காட்டேஜ் சீஸைப் போட்டீர்கள். ட்வாரூக் புளித்த பாலின் உதிரிக் கட்டி. கிடைக்காவிட்டால் ஈரத்தைத் துணியில் கட்டிப் பிழிந்த ஃபார்மர்ஸ் சீஸ். பனீரில் அந்தப் புளிப்பு வராது.

பாட்டி இன்னும் இருக்கிறார், 96 வயது. என்ன கேட்பது?

‘உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்’ என்றால் ஒன்றும் வராது. அடுப்பு எந்தப் பக்கம் இருந்தது, யார் எங்கே படுத்தார்கள், கிணறு எவ்வளவு தூரம் என்று வீட்டை வரையச் சொல்லுங்கள். 40 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். போனை ஒரு முழ தூரத்தில், துணி மேல் வையுங்கள், மேசையில் வைத்தால் தேக்கரண்டிச் சத்தம்தான் பதிவாகும். காரை ‘காரா’ என்றும் கடையை ‘ஷ்டோர்’ என்றும் கலந்து பேசினால் திருத்தாதீர்கள். அது அமெரிக்கப் போலந்துக்காரர்களின் மொழி.

இரங்கல் குறிப்பு எழுதும்போது என்ன தவறுகிறது?

‘குடும்பத்துக்காகவே வாழ்ந்தார், பக்தி மிக்கவர்’ என்பதில் யார் பாட்டியும் அடங்குவார். எந்தக் கோயில், எந்த நேரத்துப் பூசை, ஜெபமாலைச் சபையில் எத்தனை வருடம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு ‘ஒப்வாடெக்’ அப்பத்தை முதலில் யாரிடம் நீட்டுவார் என்று எழுதினால்தான் இவர் தெரிவார். பெயர்களைப் போலிஷ் எழுத்துக் குறிகளோடு ஒருமுறை சரிபாருங்கள். குறுக்குக் கோடு போட்ட எல் எழுத்தின் ஒலி ‘வ’, கோட்டை விட்டால் வேறு பெயராகிவிடும். பத்திரிகையில் முழுப் பிறந்த தேதியையும் பிள்ளைகளின் பெயரோடு பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்துப் போடாதீர்கள். வங்கிகள் கேட்கும் ரகசியக் கேள்விக்கு விடை அது. வீட்டாருக்கான பிரதியில் எல்லாம் இருக்கட்டும்.

பாட்டி வழியில் எங்களுக்குப் போலந்துக் குடியுரிமை கிடைக்குமா?

1951 ஜனவரி 19க்கு முன் திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை அப்பா வழிதான். ஆகவே இங்கேயும் தாத்தாவின் தாள்கள்தான் முதலில். போலந்தின் முதல் குடியுரிமைச் சட்டம் 1920 ஜனவரி 31இல் அமலுக்கு வந்தது, அதற்கு முன்பே அமெரிக்கப் பிரஜையானவர்கள் வழியில் கடினம்.

கல்லறைக் கல்லில் இருப்பதை எப்படிப் படிப்பது? எப்போது போவது?

மேலே எஸ், பி என்ற இரண்டு எழுத்து, எஸ்ஸின் தலையில் சின்னக் கோடு. ‘புனித நினைவுக்குரிய’ என்பதன் சுருக்கம். ‘ஊர்’ என்று தொடங்குவது பிறந்த தேதி, ‘ஸ்ம்’ என்று தொடங்குவது இறந்த தேதி. அடியில் ‘ப்ரோஷி ஓ ஸ்த்ரோவாஷ் மரியா’ என்றிருந்தால் ‘ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுங்கள்’ என்று இறந்தவர் கேட்கிறார். மங்கிய எழுத்தை எடுக்கக் கம்பி பிரஷ், பிளீச், ஷேவிங் நுரை எதுவும் வேண்டாம், கல் அரிக்கும். தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். ஒரு கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பினால் எழுத்து நிழல் விழுந்து எழும்பும், அப்போது படம் எடுங்கள்.

போக வேண்டிய நாள் நவம்பர் 1. நம் கத்தோலிக்கர்களுக்குக் கல்லறைத் திருநாள் நவம்பர் 2. போலந்துக்காரர்கள் முந்தின நாளே குடும்பத்தோடு போய்விடுவார்கள், அன்று விடுமுறை. அக்டோபர் கடைசியிலேயே பங்குக் கோயிலில் உறை வாங்கிப் பாட்டி பெயரை எழுதிக் கொடுத்தால் நவம்பரில் மன்றாட்டின்போது பெயரை உரக்க வாசிப்பார்கள். பூ சாமந்தி, கொத்தாக வாங்கினால் இரட்டைப்படை, ஒற்றைப்படை உயிரோடிருப்பவர்களுக்கு. ‘ஸ்னிச்’ என்ற மூடிபோட்ட கண்ணாடி விளக்கு இரவெல்லாம் எரியும். அமெரிக்கக் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் நெருப்புக்கு அனுமதியில்லை, வாசலில் விதிப்பலகையைப் பார்த்துவிட்டு, தேவையென்றால் பேட்டரி விளக்கு வாங்கிப் போங்கள்.